பொம்மை வண்டிகள்: விளையாட்டா, அலங்காரமா, வணிகச் சரக்கா?



அண்மைக் காலமாக நம் இளைஞர்களிடமும், குடும்பப் பொறுப்பேற்ற நடுவயதினரிடமும் ஒரு பழக்கம் பரவி வருகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகப் பொம்மை வண்டிகளை வாங்கிச் சேகரிப்பதே அது. ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ், மஜோரெட் முதலிய பெயர்கள் இன்று பிள்ளைகளைவிடத் தந்தையரின் நாவில் அதிகம் புழங்குகின்றன. சில வீடுகளில் ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி அலமாரி. அதனுள் அட்டையும் உறையும் பிரிக்கப்படாமல் நூற்றுக்கணக்கான வண்டிகள்.

இது குறித்து நம்மிடம் வினவுவோர் இரு தரப்பினர். இல்லத்தரசிகள், "ஹஜ்ரத், இது வீண்விரயம் அல்லவா?" என்று கேட்கின்றனர். சேகரிப்போரோ, "ஹஜ்ரத், இதில் ஹராம் என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த அலமாரிக்குள் இருப்பது என்ன? விளையாட்டுப் பொருளா? அலங்காரப் பொருளா? வணிகச் சரக்கா?

இம்மூன்றும் ஆகுமானவையே. ஆனால் மூன்றுக்கும் மார்க்கத்தில் வெவ்வேறு கடமைகள் உள்ளன. மனைவியிடம் "இது முதலீடு" என்றும், பிள்ளையிடம் "இது தொடக்கூடாத அலங்காரம்" என்றும், ஸகாத் கணக்கிடும் நாளில் "இது வெறும் விளையாட்டு" என்றும் ஒரே பொருளுக்கு மூன்று பெயர் சொல்லி, மூன்றின் கடமையிலிருந்தும் நழுவிவிடுவதே இப்பழக்கத்தில் மறைந்திருக்கும் உண்மையான ஆபத்து என்று நாம் கருதுகிறோம். வண்டிகளைவிட இந்த நழுவலைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டியுள்ளது.

அடிப்படையில் ஆகுமானதே

முதலில் சட்டத்தைத் தெளிவுபடுத்துவோம். தடைக்கு ஆதாரம் வராத வரை பொருட்கள் ஆகுமானவையே என்பது ஃபிக்ஹுக் கலையின் அறியப்பட்ட விதி. பொம்மை வண்டி உயிரற்ற பொருளின் வடிவம். உருவப்படம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே உருவம் என்ற அடிப்படையில் இங்கு ஐயத்துக்கு இடமில்லை.

அதற்கும் மேலாக, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்கள் பற்றிய செய்தி நமக்குப் பெரும் ஆறுதலாக இருக்கிறது. அபூதாவூதில் வரும் அந்நிகழ்ச்சியின் சாரம் இது: நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பியிருந்தார்கள். காற்று வீசித் திரை விலகியபோது அன்னையாரின் பொம்மைகள் கண்ணில் பட்டன. அவற்றின் நடுவே துணியால் செய்த இரு இறக்கைகளுடன் ஒரு குதிரை. குதிரைக்கு இறக்கையா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் பதிலளித்தார்கள். அது கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள்.

அக்காலத்தின் விரைவு வாகனம் குதிரை. ஆகவே அன்னையாரிடம் இருந்ததும் ஒரு பொம்மை வாகனமே. சலிப்பும் களைப்பும் சூழ்ந்த ஒரு போர்ப் பயணத்தின் முடிவில் அது இல்லத்துக்குள் சிரிப்பைக் கொண்டுவந்தது. எனவே பொம்மை வாகனத்தை இழிவாகப் பேசுவோர் சற்று நிதானிக்க வேண்டும்.

மனிதனுக்கு வாகனத்தின் மீதுள்ள ஈர்ப்பையும் திருமறை மறுக்கவில்லை. குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் குறிப்பிடுகிறான். நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்று சேர்த்துச் சொல்கிறான் (16:8). வாகனம் பயனுக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் இனியது என்பதை இவ்வசனம் ஏற்றுக்கொள்கிறது. அதே வேளையில், மனிதருக்கு அழகாக்கிக் காட்டப்பட்ட ஆசைகளின் பட்டியலில் பெண்கள், பிள்ளைகள், பொன், வெள்ளி ஆகியவற்றை அடுத்து உயர்சாதிக் குதிரைகளையும் திருமறை சேர்த்திருக்கிறது (3:14). ஈர்ப்பு இயல்பானது, அதனாலேயே அது சோதனையும் ஆகிறது.

இவ்வண்டிகள் யாருக்காகப் பிறந்தன?

இப்பொம்மைகளின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்வது நம் விவாதத்துக்கு உதவும். இங்கிலாந்தில் 1930களிலேயே டிங்கி என்னும் பெயரில் உலோக வண்டிகள் புகழ்பெற்றிருந்தன. 1947-ல் லண்டனில் தொடங்கப்பட்ட லெஸ்னி என்னும் சிறு வார்ப்புத் தொழிலகம், 1953-ல் இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி ஒரு சிறிய அரச ரதத்தை வார்த்து விற்றது. பத்து லட்சத்துக்கும் மேல் அது விற்பனையானது. அந்நிறுவனத்தின் பங்குதாரரான ஜாக் ஓடெல் என்னும் பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்ற விதி இருந்தது. தந்தை ஒரு சாலைச் சமன் உருளை வண்டியைத் தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கி மகளுக்குச் செய்து கொடுத்தார். மேட்ச்பாக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் சென்ற வண்டிகள் இவ்வாறே பிறந்தன.

பிறகு 1968-ல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் வண்டிகளை அறிமுகப்படுத்தியது. முதலாண்டில் வந்தவை 16 வகைகள். துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் செலுத்தி வார்த்த உடல், மெல்லிய அச்சுகள், உராய்வு குறைந்த சக்கரங்கள். தடத்தில் விட்டால் மற்றவற்றை முந்தி ஓடும் என்பதே அவற்றின் சிறப்பு. ஒன்று குழந்தையின் சட்டைப்பைக்காகவும் மற்றொன்று குழந்தையின் ஓட்டப்பந்தயத்துக்காகவும் உருவானது. பார்வைப் பேழைக்கென்று இரண்டுமே படைக்கப்படவில்லை.

நம் தமிழ் மரபிலும் சிறுதேருக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுதல் ஒரு பருவமாகவே அமைந்துள்ளது. நம் இஸ்லாமியப் புலவர்கள் நபி (ஸல்) அவர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர். சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்தைச் சொல்லும்போது ஒரு காட்சியைக் காட்டுகிறது. முற்றத்தில் உலரும் நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்ட, பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அந்தப் பொன் கீழே கிடந்து, சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. செழிப்பைப் புகழும் காட்சிதான் அது. ஆயினும் நம் காலத்து அலமாரியைக் கண்டபின் அதை நினைத்தால் வேறொரு பொருளும் தோன்றுகிறது: பொன், குழந்தையின் வண்டிக்குத் தடையாய்க் கிடக்கிறது.

அபூர்வம் எனும் தூண்டில்

இப்பழக்கம் பெரியவர்களைப் பற்றிக்கொண்டது எப்படி? 1995-ல் ஹாட் வீல்ஸ் நிறுவனம் ட்ரெஷர் ஹன்ட் என்ற பெயரில் 12 வண்டிகளை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் 10,000 மட்டுமே தயாரிக்கப்பட்டன. புதையல் வேட்டை என்பது அதன் பொருள். 2007 முதல் சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்னும் இன்னும் அரிய வகையும் சேர்ந்தது. அதற்குப் பளபளக்கும் தனி வண்ணப்பூச்சும் ரப்பர் சக்கரமும் உண்டு. சாதாரண வண்டிகளின் நடுவே, சாதாரண விலையிலேயே, இவை எங்கோ ஒன்று கலந்து வைக்கப்படும். கண்டெடுத்தவர் அதையே பல ஆயிரம் ரூபாய்க்கு விற்க முடியும்.

கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் "இன்று கிடைக்கலாம்" என்ற எதிர்பார்ப்பு. கிடைக்காவிட்டால் வெறுங்கையுடன் திரும்ப மனமின்றி ஏதேனும் ஒன்றை வாங்கிவருதல். வாங்கியதால் நிறைவு வருவதில்லை. வாங்காத ஒன்றே மனத்தில் நிற்கிறது. அதிகம் சேர்க்கும் போட்டி மண்ணறையைச் சந்திக்கும் வரை மனிதரைப் பராக்காக்கிவிடுவதை அத்தகாஸுர் அத்தியாயம் எச்சரிக்கிறது. பொருளைச் சேர்த்து அதை எண்ணி எண்ணிப் பார்ப்பவனை அல்ஹுமஸா அத்தியாயம் கண்டிக்கிறது. "என்னிடம் எத்தனை" என்று பட்டியலிட்டுப் பெருமை பேசும் எந்தச் சேகரிப்பாளரும் இவ்விரு அத்தியாயங்களையும் ஒருமுறை நின்று நிதானமாக ஓதிப் பார்க்க வேண்டும்.

இவ்வுலகில் மிக உயர்ந்த மதிப்பு கூறப்படும் ஹாட் வீல்ஸ் எது என்பதை அறிந்தால் நமக்கு வியப்பே மேலிடும். 1969-ல் மாதிரியாகச் செய்யப்பட்ட ஓர் இளஞ்சிவப்பு நிற வேன் அது. பின்பக்க ஜன்னல் வழியே அலைச்சறுக்குப் பலகைகளைச் செருகிய அமைப்பு. உடல் மிகவும் ஒடுங்கியிருந்ததால் அந்நிறுவனத்தின் தடத்தில் அது சரியாக ஓடவில்லை. எனவே வடிவத்தை மாற்றியே விற்பனைக்கு விட்டனர். மாற்றப்படாத மாதிரிகளில் எஞ்சிய ஒன்றுக்கு இன்று ஒரு லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புக் கூறுகின்றனர். அதாவது, பொம்மையாக ஓடத் தவறிய பொம்மைக்கே உலகில் உச்ச விலை! விலைக்கும் விளையாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விளையாட்டுப் பொருள் என்றால் பிள்ளையின் உரிமை

ஒருவர் தம் சேகரிப்பை விளையாட்டுப் பொருள் என்று சொல்வாராயின், அதில் அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பங்குண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று, மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "தொடாதே, அட்டை கசங்கும்" என்ற சொல் எதைக் கற்பிக்கிறது? அத்தாவுக்குத் தன்னைவிட அந்த அட்டை பெரிது என்பதையன்றி வேறெதையும் அது கற்பிக்காது.

நம் ஊர்களில் இது புதியதன்று. சஃபர் சென்ற வாப்பா ஈராண்டுக்கு ஒருமுறை திரும்பும்போது பெட்டியில் ஒரு விலையுயர்ந்த ரிமோட் கார் வரும். இரண்டு நாள் ஓடும். பிறகு "உடைத்துவிடுவான்" என்று ஷோகேஸின் மேல் தட்டுக்கு ஏறிவிடும். பிள்ளையோ தெருவில் நுங்கு வண்டியும் பழைய டயரும் உருட்டி மகிழ்வான். அன்று ஷோகேஸைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் பலர் இன்று சம்பாதிக்கும் வயதை அடைந்துள்ளனர். தமக்குக் கிடைக்காததைத் தாமே வாங்கிக்கொள்ளும் அவர்களின் மனத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் அதே ஏக்கத்தைத் தம் பிள்ளைக்கும் அவர்கள் கையளித்துவிடக் கூடாது.

நபி (ஸல்) அவர்கள் குழந்தைகளின் விளையாட்டை எவ்வளவு மதித்தார்கள் என்பதை ஸீராவில் காண்கிறோம். அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அதைப் பற்றி அவரிடமே அன்போடு விசாரித்தார்கள். ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அவர் ஆசை தீரும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று நஸாயியில் வருகிறது. தம் முதுகையே பிள்ளைக்கு வாகனமாக்கிய நபியின் உம்மத்தினராகிய நாம், ஒரு பொம்மை வாகனத்தைப் பிள்ளையின் கையில் தரத் தயங்குவது எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. "பிள்ளைக்கு வாங்குகிறேன்" என்று வீட்டில் சொல்லி வாங்கி, அலமாரியில் பூட்டுவோர் உளர். "வா, உனக்கொன்று தருகிறேன்" என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன தர நாடினீர் என்று நபியவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்ததாக அபூதாவூதில் உள்ளது. பிள்ளையின் பெயரால் சொல்லப்படும் சிறு பொய்யும் பொய்யே. பிள்ளைக்குக் கிடைத்த பெருநாள் காசு பிள்ளையின் சொத்து; அக்காசில் வாங்கிய வண்டியும் அவ்வாறே. அது தந்தையின் சேகரிப்பில் சேராது.

வணிகச் சரக்கு என்றால் ஸகாத்தும் நேர்மையும்

"ஹஜ்ரத், இது செலவன்று, முதலீடு. ஐந்தாண்டில் விலை பன்மடங்காகும்" என்று சொல்வோர் இருக்கின்றனர். நல்லது. அவ்வாறாயின் அது வணிகச் சரக்கு. விற்கும் நிய்யத்துடனேயே வாங்கிய பொருள் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஸகாத்துக்கு உரியது. ஆண்டு நிறைவுறும் நாளில், வாங்கிய விலையைப் பாராமல் அன்றைய சந்தை விலையைக் கணக்கிட வேண்டும். கையிருப்புப் பணம் முதலியவற்றுடன் சேர்த்து நிஸாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு கடமையாகும். சான்றாக, விற்பதற்கென்றே 300 வண்டிகள் வைத்திருப்பவருக்கு, ஒன்றின் சந்தை விலை சராசரி 500 ரூபாய் என்றால், சரக்கின் மதிப்பு 1,50,000 ரூபாய். அதன் பங்குக்கு 3,750 ரூபாய் ஏழையின் உரிமை.

சொந்த மகிழ்ச்சிக்காக வாங்கி வைத்தவர், பின்னர் விற்கலாம் என்று எண்ணினால் மட்டும் அது வணிகச் சரக்காகிவிடாது; விற்ற பிறகு கிடைக்கும் பணமே கணக்கில் வரும். ஆகவே வாங்கும் நேரத்து நிய்யத்தே இங்கு முடிவு செய்கிறது. அதை அறிந்தவர்கள் இருவர் மட்டுமே: வாங்கியவரும், அவரைப் படைத்தவனும். இரண்டு நோக்கமும் கலந்திருப்பவர் தம் ஊர் ஆலிமிடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லித் தெளிவு பெறட்டும்.

வணிகம் என்று ஏற்றபின் வணிகத்தின் ஒழுக்கங்களும் உடன்வருகின்றன. இவ்வட்டாரத்தில் வழக்கமாகிவிட்ட நான்கு செயல்களை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.

முதலாவது, வாட்ஸ்அப் குழு ஏலங்களில் வாங்கும் எண்ணமின்றி நண்பர்களே விலையை ஏற்றிவிடுதல். இதற்கு நஜ்ஷ் என்று பெயர். நபியவர்கள் வெளிப்படையாகத் தடுத்த செயல் இது.

இரண்டாவது, கையில் வராத வண்டிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு விற்றல். தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கூறியுள்ளார்கள். ஸலம் என்னும் முன்பண வணிகம் ஆகுமானது. ஆயினும் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் தவணை ஆகியவை தெளிவாக வரையறுக்கப்பட்டு, முழுத் தொகையும் ஒப்பந்த வேளையிலேயே கொடுக்கப்பட வேண்டும். "வந்தால் தருவேன், எப்போது என்று தெரியாது" என்பது ஸலம் ஆகாது.

மூன்றாவது, மர்மப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், இருபது பெட்டியில் ஒன்றில் அரிய வண்டி இருப்பதாக ஆசை காட்டி, எல்லாவற்றையும் கூடுதல் விலைக்கு விற்கின்றனர். வாங்குபவர் தாம் எதை வாங்குகிறார் என்பதையே அறியார். இது ஃகரர் என்னும் மயக்க வணிகம். சூதாட்டத்தின் வாசலும் அதுவே.

நான்காவது, கடை திறந்ததும் சென்று கொக்கியில் தொங்கும் நல்ல வண்டிகள் அனைத்தையும் ஒருவரே அள்ளிவிடுதல். மார்க்கம் கண்டித்த பதுக்கல் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது உணவுப் பொருளைச் சார்ந்தது; ஹனஃபி இமாமான அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள், பதுக்குவதால் மக்களுக்குத் தீங்கு நேரும் எப்பொருளும் அதில் அடங்கும் என்றார்கள். பொம்மை இல்லாததால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. எனவே இதை ஹராமான பதுக்கல் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பெருநாள் காசை இறுகப் பிடித்துக்கொண்டு மாலையில் கடைக்கு வரும் பிள்ளை, வெறும் கொக்கியைப் பார்த்துத் திரும்புகிறது. மறுநாள் அதே வண்டி மும்மடங்கு விலையில் விற்பனைக்கு வருகிறது. இருநூறு ரூபாய்க்குள் முடியவேண்டிய ஒரு பிள்ளையின் மகிழ்ச்சியை இடைமறித்து ஈட்டிய பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாத வரை ஈமான் நிறைவடையாது என்ற நபிமொழியின் அளவுகோல் கடைக் கொக்கிக்கும் பொருந்தும்.

அலங்காரம் என்றால் அளவும் நேரமும்

இனி, "நான் விற்கவும் மாட்டேன், பிள்ளையின் விளையாட்டுக்கும் அன்று, இதன் வேலைப்பாடும் வரலாறும் எனக்குப் பிடித்திருக்கிறது" என்பவரின் நிலை. இதுவும் நேர்மையான பதிலே. லெபனானைச் சேர்ந்த கார் பந்தய வீரர் நபீல் கரம் 2011-ல் 27,777 மாதிரி வண்டிகளுடன் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். அவ்வளவு இல்லாவிடினும், ஒரு தட்டில் தாம் நேசிக்கும் சில வண்டிகளை வைத்து ரசிப்பவரை நாம் குறை கூற முடியாது. பழைய வாகனங்களின் வடிவமைப்பு, பொறியியல், உழைப்பு ஆகியவற்றை அறிந்துகொள்வதும் ஓர் அறிவே. கண்ட இடங்களில் பொழுதைக் கழிப்பதைவிட, வீட்டில் அமர்ந்து இவற்றைத் துடைத்து அடுக்குவது எவ்வளவோ மேல்.

இங்கு இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று, செலவு. வீண்விரயம் செய்வோரைத் திருமறை கடுமையாகச் சாடுகிறது (17:27). அளவு மீறாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் நடுநிலையில் செலவழிப்பதை ரஹ்மானின் அடியார்களின் பண்பாகச் சொல்கிறது (25:67). எல்லோருக்கும் ஒரே தொகையை வரம்பாகச் சொல்ல இயலாது. ஆனால் வீட்டுச் செலவு, பிள்ளைகளின் கல்வி, பெற்றோருக்குச் செய்ய வேண்டியது, கடன் ஆகியவை நிறைவேறாமல் வாங்கும் ஒரு வண்டியும் அளவு மீறியதே. வாங்கியதை மனைவியிடம் மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், அளவு மீறியதற்கு அதுவே போதுமான சான்று.

மற்றொன்று, நேரம். ஸாத் அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்களின் முன் மாலை வேளையில் உயர்ந்த குதிரைகள் கொண்டுவரப்பட்ட நிகழ்ச்சி வருகிறது (38:31-33). அவற்றைப் பார்வையிட்டதில் அஸர் தொழுகையின் நேரம் கடந்துவிட்டதாகவும், அதற்காக அவர்கள் பெரிதும் வருந்தியதாகவும் முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர். வேறு விளக்கம் தந்தோரும் உளர். நபிமார்களின் கண்ணியத்தை நெஞ்சில் இருத்தியே இதை நினைவூட்டுகிறோம். அவை இறைவழியில் போரிடுவதற்கான குதிரைகள். அத்தகைய உயர்ந்த நோக்கமுள்ள வாகனங்களைப் பார்ப்பதிலும் ஒரு நபி தம்மைத் தாமே கேள்விக்கு உட்படுத்தினார்கள் என்றால், "ஸ்டாக் வந்துவிட்டது" என்ற கைபேசிச் செய்திக்காக ஜுமுஆவின் குத்பாவை விட்டு எழுந்து ஓடுபவர் தம்மை என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் துணிக்குதிரையும் சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைச் சுட்டியே பேசப்பட்டது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒன்று வீட்டுக்குள் சிரிப்பைத் தந்தது. மற்றது வணக்கத்தைக் குறித்த கவலையைத் தந்தது. நம் வீட்டு அலமாரி இவ்விரண்டில் எதைத் தருகிறது என்பதை வீட்டிலிருப்போரிடமே கேட்டு அறிந்துகொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியவை

இப்பழக்கமுள்ள சகோதரர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது எளியது. ஒரு நாள் அமர்ந்து, அலமாரியில் உள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள். விற்பதற்கென்று வாங்கியவற்றை ஒரு தாளில் எழுதி, ஸகாத் நாளில் அத்தாளை எடுங்கள். பார்த்து மகிழ்வதற்கென்று சிலவற்றை ஒரு தட்டுக்குள் நிறுத்துங்கள்; தட்டு நிறைந்தால் ஒன்றைக் கொடுத்துவிட்டே மற்றொன்றை வாங்குங்கள். எஞ்சியவற்றின் உறையைப் பிள்ளையின் கையாலேயே பிரிக்கச் செய்யுங்கள். வண்ணம் உதிரட்டும், சக்கரம் வளையட்டும். பொம்மைக்கு அதுவே வாழ்வு.

கடையில் இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்து, மற்றதை அடுத்து வரும் பிள்ளைக்கு விட்டுவாருங்கள். ஒரே வகையில் இரண்டு மூன்று வைத்திருப்போர், அருகிலுள்ள அநாதை இல்லத்துக்கோ, மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ அவற்றைக் கொண்டு செல்லலாம். உடைந்ததையும் பிடிக்காததையும் கொடுப்பது பெரிதன்று. நேசிப்பதிலிருந்து செலவழிக்காத வரை நன்மையை அடைய முடியாது என்பது திருமறையின் போதனை (3:92). தேடி அலைந்து கண்டெடுத்த அரிய வண்டி ஒன்றை, பெயர் தெரியாத ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வர ஒருவருக்கு மனம் வருமானால், அவர் தம் சேகரிப்புக்கு உரிமையாளராக இருக்கிறார். மனம் வராவிட்டால், சேகரிப்பே அவருக்கு உரிமையாளராகிவிட்டது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். கணவரின் இவ்விருப்பத்தைப் பிள்ளைகள் முன் பழித்துப் பேச வேண்டாம். ஆகுமான ஒரு மகிழ்ச்சியை ஹராம் போலப் பேசினால், அவர் அதை மறைக்கத் தொடங்குவார். மறைவில்தான் அளவு மீறும். செலவுக்கு ஒரு மாத வரம்பை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மாலை, அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே, தந்தையும் பிள்ளைகளும் அந்த வண்டிகளுடன் தரையில் அமரட்டும். பிள்ளைகளுக்கு அந்த மாலைகள் நினைவில் நிற்கும்.

மறுமையில் பொருளைப் பற்றி இரு கேள்விகள் கேட்கப்படும் என்று நபியவர்கள் அறிவித்துள்ளார்கள்: எவ்வழியில் ஈட்டினாய்? எவ்வழியில் செலவிட்டாய்? அங்கே ஒரே பொருளுக்கு மூன்று பெயர் சொல்லித் தப்ப இயலாது. உள்ளதை உள்ளபடி பெயரிட்டு அழைக்கவும், அதன் கடமையை நிறைவேற்றவும், நம் இல்லங்களைப் பிள்ளைகளின் சிரிப்பால் நிரப்பவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம்.